கணம் மலிவு, இடம் கிராக்கி

1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையிலான டெஸ்டின் கடைசி ஓவர். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து. வீசுபவர் வெஸ் ஹால். ரன் கணக்கு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. விக்கெட் ஒன்றுதான் பாக்கி. ஏழாவது பந்தை லின்சே கிளைன் ஸ்கொயர் லெக் பக்கம் தட்டிவிட்டு ஓடுகிறார். எதிர்முனையிலிருந்து இயன் மெக்கிஃப் தலைதெறிக்க வருகிறார். ஜோ சாலமன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒற்றை ஸ்டம்ப்தான் கண்ணுக்குத் தெரியும். எறிந்தார், பட்டது. டெஸ்ட் வரலாற்றின் முதல் ‘டை’.

மெல்போர்னின் ‘தி ஏஜ்’ நாளிதழுக்காக அங்கே இருந்த ரான் லவிட் அந்த நொடியைப் படமாக்கினார். அவரிடம் அப்போது ஒரே ஒரு பிளேட்தான் மிச்சம் இருந்தது என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட கதைகள் சொல்லச் சொல்ல வளரும் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் படத்தைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றுகிறது. விக்கெட் கலைந்துவிட்டது, மெக்கிஃப் கோட்டை எட்டவில்லை, மேற்கிந்திய வீரர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். ஐந்து நாள் ஆட்டமும் ஒரு செவ்வகத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு முன்னும் ஒன்று வேண்டாம், பின்னும் ஒன்று வேண்டாம்.

அதே மைதானம், 1992 மார்ச் 8. உலகக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தானின் இன்சமாம் உல் ஹக் 48 ரன் எடுத்திருக்கிறார். ஓடலாம் என்று கிளம்பியவரை இம்ரான் கான் பாதி வழியில் திருப்பி அனுப்புகிறார். பாயின்ட் திசையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜான்ட்டி ரோட்ஸ் பந்தைப் பொறுக்குகிறார், எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்து ஸ்டம்ப்புகள்மேல் உடம்போடு பாய்கிறார். ஜிம் ஃபென்விக் எடுத்த படத்தில் ரோட்ஸ் தரையைத் தொடாமல் கிடைமட்டமாக இருக்கிறார். தொலைக்காட்சியில் எத்தனையோ பேர் நேரலையாகப் பார்த்த காட்சிதான் இது. ஆனாலும் ரோட்ஸ் என்ற பெயரைக் கேட்டால் மனத்தில் வருவது ஓடும் காட்சியா, இந்த நின்றுபோன படமா? எனக்குப் படம்தான்.

இன்று அதே ரன் அவுட் நடந்தால், எல்லைக்கோட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை கேமராவிலும் அந்த நொடி விழும். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிரேம் இல்லை, பத்து இருபது ஃபிரேம். தப்பிப்போக வழியே இல்லை. அன்றைக்குத் தட்டுப்பாடு கணத்துக்கு இருந்தது. இன்று கணம் சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. கிராக்கி முழுக்க இடத்துக்கு. நல்ல விளையாட்டுப் படம் எது என்ற கேள்விக்குப் பதில் பெரிதாக மாறிவிடவில்லை. அதற்காக எந்த இடத்தில் வியர்வை சிந்த வேண்டும் என்பது அடியோடு மாறிவிட்டது.

ஃபிலிம் கேமராக் காலத்தில் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லித்தரும் பாடம் கொஞ்சம் விநோதமானது. ஸ்டம்ப் பறப்பதை வ்யூஃபைண்டரில் நீ பார்த்துவிட்டால் படம் உன்னிடம் இல்லை என்று அர்த்தம். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தினால் அந்தக் கண்ணாடி எழும்பி வழிவிட வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் ஃபிலிமில் விழும். அந்தக் கணத்தில் கண்ணுக்கு இருட்டு. அதாவது படம் பதிவாகும் நொடியை எடுத்தவர் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் தவறவிட்டவர்கள்.

கணக்குப் போட்டால் இன்னும் விளங்கும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து நொடிக்குக் கிட்டத்தட்ட 39 மீட்டர் போகும். மனிதக் கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்த ஐந்தில் ஒரு பங்கு நொடியாவது ஆகும். அதற்குள் பந்து எட்டு மீட்டர் கடந்திருக்கும். ஆடுகளத்தின் மொத்த நீளமே 20 மீட்டர்தான். ஆகவே பேட்ஸ்மேன் பந்தை அடிப்பதைப் பார்த்துவிட்டு அழுத்தினால் கிடைப்பது பந்தில்லாத படம். நொடிக்கு ஐந்து ஃபிரேம் ஓடும் மோட்டார் டிரைவ் கையில் இருந்தாலும் நிலைமை பெரிதாகத் தேறாது. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே பந்து எட்டு மீட்டர் ஓடிவிடும். ஒரே வழி, பேட்ஸ்மேன் என்ன செய்யப்போகிறார் என்பதை அவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவைத்திருப்பது. குண்டப்பா விஸ்வநாத் பின்காலுக்குப் போனால் கட் வரும் என்பது தெரிந்தவரிடம்தான் விஸ்வநாத்தின் கட் இருந்தது.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு இந்தச் சூதாட்டம்கூடக் கிடையாது. கிரிக்கெட்டின் மிகப் புகழ்பெற்ற ‘ஆக்‌ஷன்’ படம் ஒன்று உண்டு: விக்டர் டிரம்பர் கிரீஸைவிட்டு இறங்கி, மட்டையைப் பின்னால் ஓங்கி, முன்காலைக் காற்றில் வைத்திருப்பது. 1905 வாக்கில் ஜார்ஜ் பெல்டம் எடுத்தது. அந்த ஒரு படத்தைப் பற்றியே கிடியன் ஹெய் முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். விஷயம் என்னவென்றால், அது எந்த ஆட்டத்திலும் எடுத்த படம் இல்லை. கேமராவுக்காக டிரம்பர் ஆடிக்காட்டியது. அன்றைய கருவிகளோடு எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து அப்படி ஒரு படம் சாத்தியமே இல்லை. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெல்டம் மிடில்செக்ஸுக்கு ஆடிய பேட்ஸ்மேன். கால் எந்த உயரத்தில் இருக்கும்போது அழுத்த வேண்டும் என்பது அவருக்கு உடம்பில் தெரிந்திருந்தது.

இங்கிலாந்து மைதானங்களில் அதன்பின் பல பத்தாண்டுகள் ‘லாங் டாம்’ ஆட்சி. ஆளுயரத்துக்கு நீண்ட லென்ஸ், கண்ணாடி பிளேட், பீரங்கி மாதிரி ஒரு பெட்டி. பெவிலியன் பக்கம் உயரத்தில் ஏற்றிவைத்தால் நாள் முழுக்க அங்கேதான். டெஸ்ட் ஆட்டங்களைப் படமெடுக்கும் உரிமையும் இரண்டு ஏஜென்சிகளின் கையில் இருந்தது. 1972 ஆஷஸ் தொடரின்போது அந்த ஏகபோகம் உடைந்து, பேட்ரிக் ஈகர் போன்றவர்கள் 35 மி.மீ. கேமராவோடு உள்ளே வந்தார்கள். ஈகர் எதிர்முனையில் ரிமோட்டில் இயங்கும் இன்னொரு கேமராவையும் வைத்தார். ஒரே பந்துக்கு இரண்டு பக்கத்துப் படம்! இடத்தின் அருமையைக் கணத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்திலேயே உணர்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

நம் ஊர்க் கதைக்கு வந்தால், கணத்தோடு ஃபிலிமுக்கும் பஞ்சம். வெளிநாட்டு ரோல் விலை அதிகம், கிடைப்பதும் அபூர்வம். ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. பத்திரிகை அலுவலகங்களில் பெரிய சுருளாக வாங்கி, இருட்டுப் பைக்குள் கையைவிட்டு, தடவித் தடவி வெட்டி, பழைய டப்பிகளில் சுற்றிக்கொள்வார்கள். அப்படிச் சுற்றிய ரோலில் 36 ஃபிரேம். மோட்டார் டிரைவை விடாமல் அழுத்தினால் ஏழு நொடியில் காலி. பிறகு ரோல் மாற்ற வேண்டும். ரோல் மாற்றும்போதுதான் விக்கெட் விழும் என்பது எழுதப்படாத விதி.

சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் மவுன்ட் ரோடு பத்திரிகை அலுவலகம் பக்கம்தான்; எடுத்த ரோலைப் பையன் ஒருவன் சைக்கிளில் கொண்டுபோய்விடுவான். வெளியூர் ஆட்டம் என்றால் ஓட்டல் குளியலறைதான் டார்க்ரூம். கதவிடுக்கில் துண்டைத் திணித்து, வாஷ்பேசினில் மருந்து கலந்து, ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, ஒரு பிரிண்ட் போட்டு, அடியில் குறிப்பை டைப் அடித்து ஒட்டி, அதைப் படம் அனுப்பும் கருவியின் உருளையில் சுற்ற வேண்டும். உருளை சுழலும், படத்தின் கறுப்பு வெளுப்பு தொலைபேசிக் கம்பி வழியாகச் சத்தமாகப் போகும். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போய்ச்சேரப் பல நிமிடம். நடுவில் லைன் கொரகொரத்தால் பேட்ஸ்மேனின் நெற்றியில் ஒரு கோடு விழும், மறுபடி முதலிலிருந்து. கலர் படம் என்றால் இதே வேலை மூன்று முறை.

இத்தனைக்கும் பிறகு படத்தில் பந்து இல்லாமல் போனால்? ரீடச்சிங் செய்பவர் பிரஷ்ஷை எடுத்து ஒரு பந்தை வைத்துவிடுவார். உலகெங்கும் செய்திப் பத்திரிகைகளில் நடந்த வழக்கம்தான் இது. பழைய நாளிதழ்களைப் புரட்டும்போது சந்தேகத்துக்கிடமான அளவுக்கு வட்டமான, வெள்ளையான பந்துகளை நானே பார்த்திருக்கிறேன். இன்று ஏஜென்சிகள் இதற்கு வேலையைவிட்டே அனுப்பிவிடும். வெளிச்சத்தைக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம். ஒன்றைச் சேர்ப்பதோ நீக்குவதோ கூடாது. இந்த ஒரு விஷயத்தில் இன்றைய காலம் அன்றையதைவிடக் கறார்.

பந்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? பந்து இல்லாவிட்டால் வீரர் எதைப் பார்க்கிறார், எதற்காக உடம்பை வளைக்கிறார் என்பது தெரியாது. வெறும் உடற்பயிற்சிப் படமாகிவிடும். ஆனால் பந்து இருந்தால் மட்டும் போதாது. ரோட்ஸ் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செய்பவர் ஒருவர் இருக்கிறார். அந்தச் செயலால் தலையெழுத்து மாறுகிற இன்னொருவரும் இருக்கிறார். லவிட் படத்திலும் அப்படித்தான்: கலைந்த விக்கெட், ஆட்டமிழந்தவர், ஆடிக் குதிப்பவர்கள். செயலும் விளைவும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. கவர் டிரைவ் படங்கள் ஆயிரம் இருந்தும் ஒன்றும் மனத்தில் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அழகு உண்டு, ஆனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆட்டமேகூடச் சில நேரம் கைகொடுக்காது. டெஸ்ட் வரலாற்றில் இதுவரை இரண்டே ‘டை’. இரண்டாவது நம் சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பர் 22 அன்று. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மாத்யூஸ் வீச்சில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. விறுவிறுப்பில் பிரிஸ்பேனுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் படத்துக்கு எல்பிடபிள்யூபோல ஏமாற்றமான விஷயம் வேறில்லை. பந்து காலில் படுகிறது. ஸ்டம்ப் அப்படியே நிற்கிறது. எல்லாம் நடுவர் வி. விக்ரம்ராஜுவின் ஒரு விரலில் இருக்கிறது. அந்த விரல் உயர்வதற்கும் படம்பிடிப்பவர் லென்ஸைத் திருப்புவதற்கும் நடுவே கணம் போய்விடும். ரன் அவுட்டில் முடிந்த ஆட்டத்துக்கு ஒரு படம் கிடைத்தது. எல்பிடபிள்யூவில் முடிந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் பேசியே நினைவில் வைத்திருக்கிறோம்.

கேமரா மட்டும் மாறவில்லை, எடுக்கப்படும் பொருளும் மாறியிருக்கிறது. 1970களின் கடைசியில் ஹெல்மெட் வந்தது. அதற்கு முந்தைய படங்களில் வேகப்பந்தை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேனின் முகம் முழுசாகத் தெரியும்: பல்லைக் கடித்திருப்பது, கண் சுருங்குவது, பந்து மூக்கருகே போகும்போது வரும் அந்தச் சிறு வெளிறல். இன்று கம்பிவலைக்குப் பின்னால் நிழல்தான். உயிருக்குப் பாதுகாப்பு, படத்துக்கு நஷ்டம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் இன்றைய வலுவான பேட்டிங் படங்களில் பாதி, சதம் அடித்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு எடுத்தவை. 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடேயில் தோனி அடித்த கடைசி சிக்ஸரில் தோனியின் பார்வை பந்தைத் தொடர்வதும் மட்டை சுழல்வதும் பதிந்த படங்கள் விதிவிலக்கு. முகம் பாதி மறைந்திருந்தும் பார்வை எங்கே போகிறது என்பது தெரிகிறது.

பெயில்ஸும் அப்படித்தான். மர பெயில் காற்றில் சுழல்வது பழைய படங்களின் உயிர். போல்ட் ஆனதற்கு அதுவே சாட்சி. இப்போது எல்இடி பெயில்ஸ் சிவப்பாக எரிகிறது. இரவு ஆட்டத்தில் பார்க்க ஜோர்தான். ஆனால் ‘அவுட்’ என்று கத்திச் சொல்லிவிடுவதால் பார்ப்பவருக்குத் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லைக்கோட்டு விளம்பரப் பலகையும் ஒளிர்கிறது. பழைய படங்களில் பின்னணி நிழலில் கரைந்த கூட்டம். இன்று பேட்ஸ்மேனின் காதருகே சிமென்ட் விளம்பரம். 400 மி.மீ. எஃப்2.8 லென்ஸால் பின்னணியைக் கரைக்கலாம், எழுத்து கரைந்தாலும் நிறம் கரையாது.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III கேமரா நொடிக்கு 120 ஃபிரேம் எடுக்கும். பழைய கணக்கில் மூன்று ரோலுக்கும் மேல், ஒரே நொடியில். கண்ணாடி இல்லாததால் கண்ணில் இருட்டும் இல்லை. வீரரின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும்விடப் பெரிய புரட்சி, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஒரு நொடி வரைகூடப் பதிவாகிவிடுவது. கேமரா சதா எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அழுத்தியதும் கடைசியாக அழிக்கவிருந்ததைத் தந்துவிடுகிறது. ஸ்டம்ப் பறப்பதைப் பார்த்துவிட்டு, ‘அடடா’ என்று சொல்லிவிட்டு அழுத்தினாலும் படம் இருக்கும். பழையவர்கள் கற்றுத்தந்த முதல் பாடம் இதோடு தீர்ந்தது.

120 ஃபிரேமில் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே அதே பந்து நகர்வது 32 சென்டிமீட்டர்தான். ஷட்டர் 1/80,000 நொடி வரை போகும். அந்த வேகத்தில் பந்து அரை மில்லிமீட்டர்கூட நகராது, தையல் எண்ணிவிடலாம். பழைய 1/1000இல் பந்து நாலு சென்டிமீட்டர் இழுபட்டுக் கொஞ்சம் நீள்வட்டமாக விழும். எனக்கு அந்த நீள்வட்டம்தான் பிடிக்கும். அதில் வேகம் இருக்கிறது. புதிய படத்தில் பந்து நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல நிற்கிறது; வந்துகொண்டிருக்கிறதா, போய்க்கொண்டிருக்கிறதா என்றே தெரிவதில்லை.

துல்லியம் உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடி, மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41. வெண்கலம் யாருக்கு என்று சொன்னது ஒரு படம்தான். ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா ஒரு ஒல்லியான இடுக்கு வழியாக ஓட்டம் முடியும் கோட்டை மட்டுமே விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் இல்லை, நேரம். கால்கள் விநோதமாக நீண்டும் குறுகியும் கிடக்கும். நூறில் ஒரு பங்கு நொடிக்கும் பொய் சொல்லாது. ஆனால் அதைப் பார்த்து யாருக்கும் நெஞ்சு அடைக்காது. உஷாவின் தோல்வியைத் தெரிந்துகொள்ள அந்தப் படம் போதும். உணர வேறு படம் வேண்டும்.

இதற்கு நேர் எதிராகப் போனவர் கேமரன் ஸ்பென்சர். 2016 ரியோ ஒலிம்பிக், 100 மீட்டர் அரையிறுதி. கெட்டி இமேஜஸுக்காக எடுத்துக்கொண்டிருந்த அவர் ஷட்டரை வேண்டுமென்றே 1/40 நொடிக்கு இறக்கி, உசைன் போல்ட்டோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினார். பின்னணி கோடுகோடாக இழுபட, போல்ட் மட்டும் பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறார். எல்லாரும் மூச்சைப் பிடித்து ஓடும் இடத்தில் ஒருவருக்குச் சிரிக்க நேரம் இருக்கிறது! வேகத்தை உறைய வைத்திருந்தால் இந்தச் சிரிப்புக்கு இத்தனை மதிப்பு வந்திருக்காது.

இடம் என்று சொன்னேனே, அதற்கு நீல் லைஃபர் படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 1965 மே 25, அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரம். முதல் ரவுண்டிலேயே சன்னி லிஸ்டன் விழுந்து கிடக்க, முகமது அலி மேலே நின்று முழங்கையை மடக்கிக் கத்துகிறார். லைஃபருக்கு அப்போது 22 வயது. படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே, மேடைக்கு அந்தப் பக்கம், இன்னொரு புகைப்படக்காரர் தெரிவார். ஹெர்ப் ஷார்ஃப்மேன், அதே ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகைக்காரர், லைஃபரைவிட அனுபவசாலி. அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. லைஃபர் மேடைக்கு மேலே பொருத்தியிருந்த ஃபிளாஷ் விளக்குகள் ஒருமுறை மின்னினால் மறுபடி தயாராகச் சில நொடி பிடிக்கும். கண்டபடி சுட்டுத்தள்ள முடியாது. இருப்பது ஒரு வாய்ப்பு, அது விழுந்த பக்கம் இவர் பக்கம். அந்த வாரம் பத்திரிகை இதை அட்டையில் போடவில்லை, உள்ளேதான் போட்டது என்பது பத்திரிகை ஆசிரியர்களின் தீர்க்கதரிசனத்துக்கு ஒரு சான்று.

இடம் என்பது நாற்காலி மட்டும் இல்லை, அனுமதியும்தான். 2012 நவம்பரில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது கெட்டி உள்ளிட்ட ஏஜென்சிகளுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் அனுமதி மறுத்தது. அதைக் கண்டித்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி ஆகியவையும் ஒதுங்கிக்கொண்டன. இங்கிலாந்தில் 1972இல் ஒழிந்ததாக நினைத்த பழக்கம் நாற்பது வருடம் கழித்து இங்கே வேறு வேஷத்தில் வந்தது. கையில் எவ்வளவு நல்ல கேமரா இருந்தால் என்ன, வாசலில் நிற்பவருக்குப் படம் கிடையாது.

அலங்காநல்லூரில் இது கண்கூடு. ஜல்லிக்கட்டுப் படம் எதனால் வலுப்பெறுகிறது? காளை தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும், திமிலைக் கட்டிய கை தெரிய வேண்டும், காளையின் கண்ணும் பிடித்தவரின் கண்ணும் ஒரே ஃபிரேமில் இருக்க வேண்டும். இது தரையோடு தரையாக, வாடிவாசலுக்கு எதிரே இருந்தால் கிடைக்கும். ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள், குத்துப்பட்டவர்களும் உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இரட்டைத் தடுப்பு, கேலரி, மாடுபிடி வீரர்களுக்கு எண் போட்ட சீருடை என்று ஒழுங்கு வந்தது. பத்திரிகைக்காரர்களுக்கும் மேடை போட்டாயிற்று. மேலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிய காளையும் குட்டையாகிவிடும். களத்தில் பரப்பிய தேங்காய் நார்க் கழிவு படம் முழுக்கப் பழுப்பாக நிறைந்துவிடும். இன்றைய ஜல்லிக்கட்டுப் படங்கள் ஒன்றையொன்று நகலெடுத்தமாதிரி இருப்பதற்குக் கேமராக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. எல்லாரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். ஆள் நிற்க முடியாத இடத்தில், தடுப்புக் கட்டையின் அடியில், சின்னக் கேமராவைக் கட்டிவைத்து ரிமோட்டில் இயக்குவதுதான் வழி. பேட்ரிக் ஈகர் கண்ட அதே வழி.

இயந்திரத்தின் காலத்திலும் பழைய வித்தை செல்லுபடியாகும் என்பதற்கு 2024 ஜூலை 29 அன்று தஹிதித் தீவின் தேஅஹுப்போவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி. பிரேசிலின் கேப்ரியல் மெடினா ஒரு பெரிய அலைக்குள் புகுந்து வெளியே வருகிறார். நடுவர்கள் கொடுத்தது 9.90. ஏஎஃப்பியின் ஜெரோம் ப்ரூயே படகில் இருந்தார். அலையின் பின்பக்கம் இருந்ததால் மெடினா என்ன செய்கிறார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நல்ல அலை கிடைத்தவர்கள் முடிவில் அலையின் முதுகைத் தாண்டி எகிறிக் கொண்டாடுவார்கள் என்பது தெரியும். காத்திருந்தார். மெடினா எகிறினார்: ஒரு விரல் வானத்தைக் காட்டுகிறது, பலகை அவருக்கு இணையாக, அவரைப்போலவே செங்குத்தாக, காலோடு கயிற்றில் கட்டுண்டு காற்றில் நிற்கிறது. ப்ரூயேவிடம் விழுந்தது நாலே ஃபிரேம்; அதில் ஒன்று இது. நொடிக்கு நூற்றிருபது கிடைக்கும் காலத்தில் நாலு. அலை முடிந்த பிறகு எடுத்த படம் என்பதையும் கவனிக்க வேண்டும். சறுக்கியதன் படம் யாருக்கும் நினைவில்லை.

அன்று ரோலைக் கழுவினால் கிடைப்பது 36. மேசை விளக்கின்மேல் வைத்து உருப்பெருக்கியால் பார்த்துப் பத்து நிமிடத்தில் ஒன்றைக் குறிக்கலாம். இன்று ஒரு ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் குவிகிறது. எல்லைக்கோட்டிலிருந்து கேபிள் வழியாக அவை போய்க்கொண்டே இருக்க, எங்கோ வேறொரு ஊரில் உட்கார்ந்திருக்கும் எடிட்டர் தேர்ந்தெடுக்கிறார். விக்கெட் விழுந்து அடுத்த பேட்ஸ்மேன் களத்துக்குள் வருவதற்குள் படம் உங்கள் கைபேசியில். அவசரத்தில் ஜெயிப்பது ‘தெளிவான’ படம். நின்று பார்க்கவேண்டிய படம் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கும். கைபேசிக்காகச் செங்குத்தாக வேறு வெட்டுகிறார்கள். செங்குத்தாக வெட்டினால் முதலில் போவது ஆட்டமிழந்தவர். லவிட் படத்தை அப்படி வெட்டிப் பாருங்கள், குதிக்கும் ஆள் ஒருவர் மட்டும் மிஞ்சுவார்.

இந்தப் புலம்பலையெல்லாம் மீறி, புதிய கேமராக்கள் செய்த பெரிய உபகாரம் ஒன்று இருக்கிறது. நொடிக்கு 120 ஃபிரேம் என்பதைச் சொல்லவில்லை; இருட்டில் பார்க்கும் திறனைச் சொல்கிறேன். 400 ஏஎஸ்ஏ ஃபிலிமை மருந்தில் கூடுதல் நேரம் ஊறவைத்து 1600 வரை இழுப்பார்கள். படம் பருக்கை பருக்கையாக வரும். இன்று அதே அளவுகோலில் ஐஎஸ்ஓ 12,800 சாதாரணம். நம் ஊர்த் திருவிழாக் கபடி இரவில்தான் நடக்கும். நாலு கம்பம், ஒவ்வொன்றிலும் இரண்டு விளக்கு, மண் தரை, சுற்றிக் கயிறு. ஃபிலிம் காலத்தில் ஃபிளாஷ் இல்லாமல் அதை எடுக்கவே முடியாது. ஃபிளாஷ் போட்டால் முன்னால் நிற்பவர் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, பின்னால் ஊரே இருட்டாகிவிடும். அதனால் தமிழ்நாட்டின் மாநில விளையாட்டுக்கு அன்றைய நல்ல படங்கள் மிகக் குறைவு. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும் படங்கள்தான் ஏராளம்.

கபடியில் செயலும் விளைவும் ஒரே இடத்தில், ஒரு சாண் அகலத்தில் நடக்கின்றன. பாடிப் போனவரின் காலை ஒருவர் பிடித்திருக்கிறார், இடுப்பை இன்னொருவர், மேலே மூன்றாவது ஆள் விழுந்துகொண்டிருக்கிறார். பாடியவர் குப்புறக் கிடந்து கையை நீட்டுகிறார். நடுக்கோட்டுக்கும் விரல் நுனிக்கும் நாலு அங்குலம். தொட்டுவிட்டால் பிடித்த மூன்று பேரும் அவுட், தொடாவிட்டால் இவர். அந்த முகம் வேண்டுமென்றால் பாடிப் போனவரின் சொந்தப் பாதிக்குப் பின்னால், கோட்டைப் பார்த்தபடி, மண்ணில் படுக்க வேண்டும். கூட்டம் எப்போதும் பக்கவாட்டில், ஸ்கோர் எழுதும் மேசையைச் சுற்றித்தான் நிற்கும். பின்பக்கம் இரண்டு சிறுவர்களும் ஒரு தண்ணீர்க் குடமும் இருக்கும். அந்த இடத்துக்குப் பாஸ் வேண்டாம்.